நீளமான படமா, குறைந்த பொறுமையா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை சினிமா, சீரியல், வெப் தொடர் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதில்கள் எல்லாம் ஒரு பார்வையாளனாக என் சொந்தக் கருத்து, அவ்வளவுதான். ஒத்துப்போகாதவர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள்.

கேள்வி: ‘மெய்யழகன்’ ரிலீஸான சில நாட்களிலேயே நீளத்தைக் குறைத்தார்களே, அது சரியா? வெட்டிய பிறகு பார்த்தவன் நான். எனக்கு அதுவே நீளமாகத்தான் இருந்தது.

பதில்: 2024 செப்டம்பர் 27 அன்று வந்த படம். சுமார் 18 நிமிடங்களை எடுத்துவிட்டார்கள். ஜல்லிக்கட்டு, பழைய சோழர் கதை, போராட்டம் என்று இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் பகுதிகள்தான் அதிகம் அடிபட்டன. அந்தப் பேச்சுகளில் சில இடங்களில் கார்த்தி பேசுகிறாரா, இயக்குநர் பிரேம்குமார் பேசுகிறாரா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது, அதனால் அவற்றைக் குறைத்ததில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஆனால் “ஒன்றுமே நடக்காத படம்” என்று நிறைய பேர் சொன்னார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தின் முடிச்சு என்ன? சொந்த வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன அருள்மொழி, இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறார். அங்கே ஒருவன் (கார்த்தி) “அத்தான், அத்தான்” என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்று இவருக்கு ஞாபகம் இல்லை. பார்த்த உடனே கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அவன் தட்டு எடுத்துக் கொடுக்கிறான், வீட்டுக்குக் கூட்டிப்போகிறான், மனைவியை அறிமுகப்படுத்துகிறான், இவர் விட்டுவிட்டுப் போன ஒரு சைக்கிள் தன் குடும்பத்துக்கு என்னவெல்லாம் செய்தது என்று சொல்கிறான். ஒவ்வொரு மணி நேரம் போகப்போக “உன் பெயர் என்னப்பா” என்று கேட்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. அந்த இரவு நீளமாக இருந்தால்தான் அருள்மொழியின் கூச்சம் நமக்குள்ளும் ஏறும், விடிவதற்குள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவது ஏன் என்று புரியும். அரை மணி நேரத்தில் இதைச் சொல்லிவிடலாம்தான், ஆனால் அப்போது அது வெறும் தகவலாக மட்டும் இருக்கும். உங்களுக்கு நீளமாகத் தெரிந்ததை நான் தப்பு சொல்லவில்லை, ஒரு விடுமுறை நாளில் போனைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். ஓடிடியில் எதைப் பார்த்தாலும் 1.5 வேகத்தில்தான் பார்ப்பேன். பார்க்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது, நேரம் இல்லை. இது தப்பு என்று என் அக்கா சண்டை போடுகிறாள். நீங்கள் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: தம்பி, நான் உன் அக்கா கட்சி. செய்தித் தொகுப்பையோ பாடம் நடத்தும் வீடியோவையோ வேகமாக ஓட்டு, நஷ்டம் ஒன்றும் இல்லை. கதை அப்படி இல்லை. ஒரு நடிகர் பதில் சொல்லும் முன் இரண்டு வினாடி தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கத்தை அவர் யோசித்துச் செய்திருக்கிறார். எடிட்டர் அந்த இரண்டு வினாடியை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார். நீ அதைப் பட்டனை அழுத்திச் சுருக்கும்போது கதைச் சுருக்கம் மட்டும்தான் உன் கையில் மிஞ்சும். அதற்கு விக்கிப்பீடியாவே போதுமே.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இப்போது வரும் தொடர்கள் பலவற்றில் பாத்திரங்கள் தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பதை வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள். “நான் இப்ப கோபமா இருக்கேன்”, “நாம அந்தப் பழைய வீட்டுக்குத்தான் போறோம்” இப்படி. கையில் போனை வைத்துக்கொண்டு அரைக் கண்ணால் பார்ப்பவர்களுக்காக எழுதப்படும் வசனம் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களும் இப்படியே எழுதிக்கொண்டிருப்பார்கள். பத்துத் தொடரை 1.5இல் பார்ப்பதற்குப் பதிலாக நல்லதாக மூன்றை மட்டும் அதனதன் வேகத்தில் பார், நேரக் கணக்கும் உனக்கு லாபமாகத்தான் வரும்.

கேள்வி: ‘எதிர்நீச்சல்’ ஆரம்பத்தில் எவ்வளவு நன்றாக இருந்தது! என் மாமியாரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த ஒரே சீரியல் அதுதான். அப்புறம் ஏன் அப்படி இழுத்தார்கள்? இரண்டாம் பாகத்திலும் அதே கதைதான். சீரியல் என்றாலே இழுக்கத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து, ஆதி குணசேகரனை எதிர்த்து நான்கு மருமகள்கள் நிற்பதைப் பார்த்தீர்கள் என்பதே அந்தத் தொடருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. 2022இல் தொடங்கியபோது இயக்குநர் திருச்செல்வம் அதில் ஒரு காரியத்தைத் துணிந்து செய்தார். வீட்டுப் பெண்களை ஒருவருக்கொருவர் வில்லிகளாக்காமல் ஒரே பக்கம் நிறுத்தினார். எதிர்ப்பக்கம் இருந்த குணசேகரனும் வெறும் கத்தல் பேர்வழி அல்ல. குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்த “இந்தாம்மா ஏய்” என்ற ஒரு சொல்லைக் கோபம், ஏளனம், பயம் எல்லாவற்றுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய விதம் அசாத்தியமானது. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது தொடரின் முதுகெலும்பே போய்விட்டது. பின்னால் வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் வேறொருவருடைய மூச்சுக்கு எழுதிய பாத்திரத்தை அவர் சுமக்க வேண்டியிருந்தது.

இழுப்பதற்கு வருவோம். தினமும் அரை மணி நேரம், விளம்பரம் போகச் சுமார் இருபது நிமிடக் கதை, அடுத்த நாளே இன்னொன்று. டிஆர்பி வாராவாரம் வருகிறது. எண்ணிக்கை ஏறினால் அந்தச் சண்டையை நீட்டு என்று சொல்வார்கள், இறங்கினால் ஒரு விபத்து, ஒரு கடத்தல், ஒரு கல்யாணத் தடை வந்துவிடும். எந்தக் கதைக்கு முடிவு நாள் தெரியாதோ அந்தக் கதையால் எதையும் தீர்த்துவைக்க முடியாது, அதனால்தான் குணசேகரன் திருந்துவதும் இல்லை, தோற்பதும் இல்லை. 2024 ஜூனில் முடித்துவிட்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி ஆரம்பித்தபோது அந்தப் பெண்கள் முன்பு ஜெயித்ததெல்லாம் இல்லாமல் போய்விட்டது என்பதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

இழுக்காமலும் சீரியல் எடுக்கலாம். ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை ஓடியது, சின்னத் தொடர் இல்லை. ஆனால் ஐந்து பெண்களின் அப்பா, ஐந்து வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமான சங்கடம் என்று அதன் நீளத்துக்குத் தேவையான மனிதர்கள் அதில் இருந்தார்கள். 2020 ஊரடங்கில் மறு ஒளிபரப்பு செய்தபோதும் மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரே முகத்தை மூன்று முறை ஜூம் செய்து இடி இடிக்கவிடுவது வேறு, ஒரு குடும்பத்துக்குள் வருடக்கணக்கில் நம்மை இருக்கவைப்பது வேறு. உங்கள் மாமியாரிடமும் கேட்டுப்பாருங்கள், அவருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும்.

கேள்வி: பிக்பாஸ் பார்ப்பீர்களா? கமலா, விஜய் சேதுபதியா?

பதில்: வார இறுதியில் மட்டும் பார்த்திருக்கிறேன். தொகுப்பாளராகக் கமல் ஏழு சீசன் பேசியது அழகு, 2024இல் வந்த விஜய் சேதுபதி நேரடியாகக் கேட்டு மடக்குவது வேகம். எனக்கு விஜய் சேதுபதியின் கேள்விகள் பிடித்தன, கமலின் புத்தகப் பரிந்துரைகள் இன்னும் அதிகம் பிடித்தன. நிகழ்ச்சியில் மீதி நேரம் நடக்கும் சத்தத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை.

கேள்வி: 2024 ஆகஸ்ட் 23. ஒரே நாளில் ‘வாழை’, ‘கொட்டுக்காளி’ இரண்டும் வந்தன. என் நண்பர்கள் முதலாவதைப் பார்த்து அழுதார்கள், இரண்டாவதிலிருந்து பாதியில் எழுந்து வந்தார்கள். பின்னணி இசையே இல்லாமல் ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: ஒரே நாளில் இரண்டையும் வெளியிட்டது இரண்டுக்குமே நல்லதில்லை, முக்கியமாகக் ‘கொட்டுக்காளி’க்கு. ‘வாழை’ நம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் படம். அந்தச் சிறுவன் சிவனைந்தனின் பள்ளி, டீச்சர் மேல் அவனுக்கிருக்கும் பிரியம், வாரக் கடைசியில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டுமே என்ற வெறுப்பு எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, கடைசியில் அவன் பசியையும் ஊரின் சாவையும் ஒரே நேரத்தில் வைத்து நம்மை உடைத்துவிடுகிறார் மாரி செல்வராஜ். தன் சிறுவயதிலிருந்து எடுத்துவந்த கதை, அதனால் அந்த உடைப்பை நான் சந்தேகிக்கவில்லை. டீச்சர் பகுதி கொஞ்சம் அதிகம் என்று மட்டும் தோன்றியது.

‘கொட்டுக்காளி’ இயக்குநர் வினோத்ராஜ் கையைப் பிடிக்க மாட்டார். ஒரு ஆட்டோ, சில பைக்குகள், காலில் கயிறு கட்டிய ஒரு சேவல், வாயே திறக்காத மீனா. அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே முடிவுகட்டி ஒரு சாமியாரிடம் கூட்டிப்போகிறது. அவள் வேறு ஒருவனை விரும்புகிறாள், அவ்வளவுதான் அவளைப் பிடித்த பேய். வழியில் ஒரு காளை குறுக்கே நின்றுவிடும். இத்தனை நேரம் வீரம் பேசிக்கொண்டு வந்த ஆண்கள் ஒருவராலும் அதை நகர்த்த முடியாது, கிட்டேயே போக மாட்டார்கள். அப்புறம் ஒரு சின்னப் பெண் வருவாள், காளையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடந்து போய்விடுவாள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இங்கே பின்னணி இசை போட்டிருந்தால் “கவனி, இது முக்கியம்” என்று சொன்னதாகியிருக்கும். இசை இல்லாததால் ஆட்டோ சத்தம், காற்று, சூரி தொண்டை கட்டிப்போய்ப் பேசும் குரல் எல்லாம் காதுக்குள் வந்து உட்காருகின்றன. இதைத் தியேட்டரில் பார்ப்பதுதான் முறை. நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுமே என்று காத்திருந்தவர்கள் அந்த ஒலியை இழந்தார்கள். உங்கள் நண்பர்கள் எழுந்து வந்தது அவர்கள் உரிமை, ஆனால் அந்த வருடத்தில் நான் பார்த்த சிறந்த தமிழ்ப் படம் அதுதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: ‘அடலசன்ஸ்’ தொடரை ஏன் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்? ஒரே ஷாட்டில் எடுத்தது என்பதற்காகவா? நம் ஊரில் யாரும் செய்யாததா?

பதில்: செய்திருக்கிறார்கள். ‘நாதஸ்வரம்’ சீரியலின் ஆயிரமாவது எபிசோடை 2014இலேயே திருமுருகன் ஒரே ஷாட்டில், அதுவும் நேரலையாக ஒளிபரப்பினார். பார்த்திபன் 2022இல் ‘இரவின் நிழல்’ படத்தை முழுக்க ஒரே ஷாட்டில் எடுத்தார். துணிச்சல் விஷயத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

‘அடலசன்ஸ்’ பிரிட்டிஷ் தொடர், 2025 மார்ச்சில் வந்தது, நான்கே எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டில்லாத ஒரே ஷாட். 13 வயதுப் பையன் ஒருவன் கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதாகக் கைது செய்யப்படுகிறான். யார் கொன்றது என்ற கேள்வியை முதல் எபிசோடிலேயே முடித்துவிட்டு, ஏன் என்பதைத்தான் மீதி மூன்றிலும் கேட்கிறார்கள். மூன்றாவது எபிசோடு கிட்டத்தட்ட முழுவதும் ஓர் அறை, பையன், அவனை மதிப்பிட வந்த உளவியலாளர். அவள் தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுக்கிறாள். அவன் சிரிக்கிறான், கிண்டல் செய்கிறான், திடீரென்று எழுந்து கத்துகிறான், கோப்பையைத் தட்டிவிடுகிறான், மறுபடி குழந்தையாகிவிடுகிறான். கேமரா வெட்டாததால் நமக்கும் அந்த அறையிலிருந்து வெளியே போக வழியில்லை. அவன் போன பிறகு அவள் தனியாக நிற்கிறாள், மேஜையில் கிடக்கும் சாண்ட்விச்சைத் தொடப்போகிறாள், முடியாமல் கையை இழுத்துக்கொள்கிறாள். ஒரு வசனம் கிடையாது. ஓவன் கூப்பர் என்ற அந்தப் பையனுக்கு அது முதல் நடிப்பு, அதிலும் முதலில் படமாக்கியதே இந்த எபிசோடுதான். 15 வயதில் எம்மி விருது வாங்கினான்.

ஆக, ஒரே ஷாட் என்பது இங்கே சாதனைக்காக இல்லை, நம்மை உட்காரவைப்பதற்காக. வீட்டில் பதின்வயதுப் பையன் இருந்தால் முதலில் பெற்றோர் பாருங்கள், பிறகு அவனோடு சேர்ந்து ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: ‘மகாராஜா’ திரைக்கதையில் நேரத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டது ஏமாற்று வேலை என்கிறான் என் தம்பி. நான் அதைத்தான் ரசித்தேன்.

பதில்: ஏமாற்று இல்லை. குப்பைத்தொட்டியைக் காணோம் என்று ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறார், நாமும் போலீஸ்காரர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு நமக்கே பிறகு உறுத்தவேண்டும் என்பதற்காக இயக்குநர் நித்திலன் வரிசையை மாற்றியிருக்கிறார். இரண்டாவது தடவை பார்க்கும்போது விஜய் சேதுபதியின் அந்த மரத்துப்போன முகம் முழுசாக வேறு மாதிரித் தெரிகிறது. எனக்கு இருக்கும் குறை வேறு. ஒரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமை, கதையின் கடைசித் திருப்பத்தைத் திறக்கும் சாவியாக மட்டும் இருக்கிறது. அவள் அப்பாவின் கோபத்துக்கு இரண்டரை மணி நேரம் கொடுத்த படம் அவளுக்கு மிகக் கொஞ்சம்தான் கொடுத்தது. உங்கள் தம்பியோடு சண்டை போடுவதென்றால் இதை வைத்துப் போடுங்கள்.

கேள்வி: எல்லாப் படத்திலும் பழைய பாட்டு போடுகிறார்களே, புதிதாக மெட்டுப் போட ஆள் இல்லையா?

பதில்: ‘லப்பர் பந்து’வில் ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ வருவது கெத்து என்ற மனிதர் விஜயகாந்த் ரசிகர் என்பதால். அவர் கிரவுண்டில் இறங்கும்போது அந்தப் பாட்டுதான் வரவேண்டும். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘கண்மணி அன்போடு’ வருவதற்கும் காரணம் இருக்கிறது, அந்தப் பாட்டு வந்த ‘குணா’ படத்தின் அதே குகையில்தான் கதை நடக்கிறது, கடைசியில் நண்பனைத் தூக்கும்போது அந்த வரிக்குப் புது அர்த்தமே கிடைத்துவிடுகிறது. ‘குட் பேட் அக்லி’யில் ஒன்று முடிவதற்குள் இன்னொன்று, கைதட்டலுக்காக வந்தன. முதல் வகை எத்தனை வந்தாலும் எனக்குச் சம்மதம்.

கேள்வி: தமிழ் வெப் தொடர் என்றாலே கொலை, போலீஸ், ஒரு பெண் காணாமல் போவது. வேறு கதையே கிடையாதா?

பதில்: நியாயமான கோபம். ‘சுழல்’, ‘வதந்தி’, ‘விலங்கு’ மூன்றுமே 2022இல் வந்தவை, மூன்றுமே குற்றக் கதை. ‘சுழல்’ மயானக்கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னியது எனக்குப் பிடித்தது. ‘விலங்கு’ ஏழு எபிசோடில் ஒரு சின்ன ஸ்டேஷனின் அன்றாடத்தைக் காட்டியது இன்னும் பிடித்தது, ரைட்டரிலிருந்து கான்ஸ்டபிள் வரை எல்லோரும் நிஜமான ஆட்கள். ‘வதந்தி’யை எட்டு எபிசோடாக இழுக்காமல் ஐந்தில் முடித்திருக்கலாம். வேலோனியைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லும் கதைகள்தான் அதன் பலம், நடுவில் அந்தப் போலீஸ் அதிகாரியின் அலைச்சல் அதை மறைத்துவிடுகிறது. மர்மம் இருந்தால் ஆள் அடுத்த எபிசோடை அமுக்குவார் என்ற கணக்கில்தான் தயாரிப்பவர்கள் இதையே கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் ‘அயலி’யைப் பாருங்கள், 2023 ஜனவரியில் வந்தது. கொலை இல்லை. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் ஒரு பள்ளிக்கூடப் பெண், வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பதால் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். எந்தத் துப்பறியும் கதையிலும் இல்லாத பதற்றம் அதில் இருக்கிறது, ஒவ்வொரு எபிசோடிலும் மாட்டிக்கொள்வாளோ என்று வயிற்றைக் கலக்குகிறது. இப்படி வருடத்துக்கு இரண்டு வந்தால் போதும்.

கேள்வி: ‘கூலி’ உங்களுக்குப் பிடித்ததா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: ரஜினி பிடித்தது, படம் பிடிக்கவில்லை. நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான் என்று ஆள் ஆளாக வந்து நிற்கிறார்கள், விசில் அடங்கியதும் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சௌபின் ஷாஹிருக்கு மட்டும் லோகேஷ் நேரம் கொடுத்தார், அவருடைய தயாள் என்ன செய்வான் என்று கடைசிவரை தெரியாது. தியேட்டரைவிட்டு வந்தபின் என் மனதில் நின்றது ரஜினிக்கு அடுத்து அவர்தான்.

கேள்வி: ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைப் பற்றி நீங்கள் போன மாதம் “நல்ல படம், ஆனால்” என்று எழுதியது எனக்குக் கோபம். எங்கள் குடும்பமே கண்ணீரோடு பார்த்த படம். அந்த ‘ஆனால்’ எதற்கு?

பதில்: உங்கள் கண்ணீரை நான் மதிக்கிறேன் அம்மா, எனக்கும் வந்தது. இலங்கையிலிருந்து படகில் வந்த ஒரு குடும்பம், தங்கள் பேச்சு வழக்கு வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று பயந்து வாழ்வதை, 2025இல் ஒரு இளம் இயக்குநர் தன் முதல் படத்திலேயே இவ்வளவு அன்போடு எடுத்திருக்கிறார். அதே தெருவில் வசித்த ஒரு வயதான அம்மா இறந்ததும் சசிகுமார் தெருவிலுள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இறுதிச் சடங்கை நடத்தும் பகுதி இருக்கிறதே, பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாத ஒரு தெரு நம் கண் முன்னால் ஒன்றாகிறது. அங்கே எனக்கு எந்த ‘ஆனாலும்’ இல்லை.

என் குறை அதற்குப் பிறகு. எல்லோரும் சீக்கிரம் சீக்கிரமாக நல்லவர்களாகிவிடுகிறார்கள். முறைத்துக்கொண்டிருந்தவர் அடுத்த காட்சியில் உருகுகிறார், விசாரிக்க வந்தவரும் இளகுகிறார். அடைக்கலம் தேடி வருகிறவர்களுக்கு வாழ்க்கை இவ்வளவு சீக்கிரம் கதவைத் திறப்பதில்லை. ஒரே ஒருவராவது கடைசிவரை அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால், மற்றவர்கள் காட்டும் அன்புக்கு இன்னும் மதிப்பு கூடியிருக்கும். பத்து நிமிடம் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் ஆசைப்பட்ட படம் அது.

கேள்வி: அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கிறார். டாக்டர் கொஞ்ச நேரம் டிவி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். எதைப் போட்டுக் காட்டட்டும்?

பதில்: அம்மா சீக்கிரம் முழுசாகக் குணமாகட்டும். ‘குடும்பஸ்தன்’ போடுங்கள், மணிகண்டன் கடனில் மாட்டிக்கொண்டு முழிப்பதில் நிறையச் சிரிக்கலாம். படம் முழுக்க வசனம்தான் ஓட்டம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பாதிக்கு மேல் புரியும். அடுத்த வாரம் ‘அயலி’, ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. ‘கொட்டுக்காளி’யை மட்டும் கண் நன்றாகத் தெளியும்வரை தள்ளிவையுங்கள், அதில் மீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.